உன் கன்னத்தில் எழுதிய மூன்றரை

ஏளா,

இன்று காலை இஸ்திரிப் பெட்டியைப் போட்டோத் துணிமேல் வைத்தேன். அந்த வாசனை எழும்பிற்று. காய்ந்த மையும் சூடேறிய பருத்தியும் கலந்த வாசனை. நீ அதைக் கல்யாணப் பத்திரிகை வாசம் என்பாய். உடனே என் கை தானாகப் பெட்டியைத் தூக்கிவிட்டது. "போதும்ளா, ஆளு வெந்துருவாரு" என்று எதிர் மெஷினிலிருந்து உன் சத்தம் வருமே, அதற்குப் பழகின கை. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கைக்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

வெந்துபோக இருந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டார் அவருக்காகப் போட்டோ போர்வை கேட்டிருக்கிறார்கள், பன்னிரண்டு படம். மாலையும் கழுத்துமாக அவர் நிற்கிற படத்தைத் தேய்த்து ஓரமாக வைத்துவிட்டு, காபி குடிக்கிற சாக்கில் இதை எழுத உட்கார்ந்தேன். உன் மகள் ஜெனியின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உன் வீட்டுக்காரர் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன நடையிலிருந்து தோணியைக் கரையேற்றிவிட்டு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். பந்தியில் ஒரு குறை இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதெல்லாம் இல்லை. உன் மகள் தன் கல்யாணப் போர்வையின் நடுக் கட்டத்தில் நீ சிரிக்கிற முகம் வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். உலகத்தில் அப்படி ஒரு படமே கிடையாது. என்னை எந்த இக்கட்டில் மாட்டிவிட்டுப் போனாய் என்று உனக்குத் தெரிய வேண்டாமா? முதலிலிருந்தே சொல்கிறேன். நீ குறுக்கே பேச முடியாமல் நான் முழுசாகப் பேசி முடிக்கப்போவது இதுதான் முதல் தடவை.

தூத்துக்குடியில் போர்வை தைத்துப் பிழைக்கலாம் என்று யார் நினைத்தார்கள்? ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிபாரமும்தான் நமக்குத் தெரியும். கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் அன்று கடை ஏறி வந்தார்கள், கையில் மக்ரூன் பொட்டலத்தோடு. ஐம்பதாவது கல்யாண நாள் வருகிறது, வெளிநாட்டில் இருக்கும் மகள் இப்படி ஒன்று வேண்டும் என்கிறாள் என்று போனில் ஒரு படம் காட்டினார்கள். சதுரம் சதுரமாகக் குடும்பப் படங்களைத் துணியில் அச்சடித்து, பட்டி வைத்து இணைத்து, பஞ்சு கொடுத்து, மேலெல்லாம் தையல் ஓட்டிய போர்வை. நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். நீ அதற்குள் மக்ரூனைப் பிரித்து வாயில் போட்டுவிட்டாய். "இந்த வெக்கையில இதப் போர்த்துனா மனுசன் அவிஞ்சிருவான்லா அண்ணாச்சி. செவுத்துல மாட்டுத மாரி தச்சுத் தாரோம்" என்று ஒப்புக்கொண்டும் விட்டாய்.

அந்த முதல் போர்வைக்கு நாம் பட்ட பாடு! படம் அச்சிட்ட துணி மேலே, பஞ்சு நடுவில், பழைய பருத்திச் சேலை அடியில். மூன்றையும் ஊக்கு குத்திப் பிடித்து, நடுவிலிருந்து வெளியே தைத்துப் போக வேண்டும் என்பது தெரியாமல், நான் என் வழக்கப்படி ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் துணி மேடிட்டு நின்றது. நான் ஆற்றுப் பாசனத்து வயல்காட்டில் வளர்ந்தவள், வரப்புப் போட்டுவிட்டுத்தான் உள்ளே இறங்குவேன். நீ கடற்கரைக்காரி. துணியைத் தள்ளுகிற மெஷின் பல்லைக் கீழே இறக்கிவிட்டு, துணியை இரண்டு கையாலும் இழுத்த இழுப்புக்கு ஓட்டி, வளைந்து வளைந்து தைத்தாய். கோடு நேராக இல்லையே என்றேன். "கடல்ல எங்களா நேர்கோடு பாத்த?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு பட்டியெல்லாம் எனக்கு, படத்தைச் சுற்றி வளைக்கிற தையல் எல்லாம் உனக்கு என்று ஆயிற்று.

படத்துணியில் ஊசி ஒரு தடவை இறங்கினால் ஓட்டை மூடாது என்பதையும் அப்போதுதான் கற்றோம். பிரித்தால் வெள்ளைப் புள்ளி வரிசையாக நிற்கும். அதனால் ஆளைச் சுற்றித் தைக்கலாம், முகத்துக்குள் ஊசி போகக் கூடாது என்று நீ சட்டம் போட்டாய். சுற்றித் தைத்து முகத்தை விட்டால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் பஞ்சு முகத்தை உப்ப வைக்கும். ஒட்டிப்போன கன்னத்தோடு இருந்த அந்தப் பெரியவர் போர்வையில் அதிரசம் மாதிரி ஆகிவிட்டார். நான் பயந்துகொண்டே விரித்துக் காட்டினேன். அந்த அம்மா பார்த்தது, பார்த்தது, அப்படிப் பார்த்தது. பிறகு ஐம்பது வருஷம் ஆக்கிப் போட்டும் ஏறாத சதையை நீங்க பதினைந்து நாளில் ஏற்றிவிட்டீர்களே என்றது. நீ சிரித்த சிரிப்பில் எதிர் மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். சிரித்தாய்தான், ஆனால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

அந்தக் கை. உனக்கு முன்பல் ஒன்று இன்னொன்றின்மேல் ஏறி நிற்கும். சின்ன வயதில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள், அதிலிருந்து சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். எவராவது போனை நீட்டினால் கேட்கவே வேண்டாம். போட்டோ எடுக்கிற ஆளாக நீயே மாறிவிடுவாய், இல்லாவிட்டால் யார் முதுகுக்குப் பின்னாலாவது போய்விடுவாய். ஊரார் முகத்தையெல்லாம் துணியில் நட்டு வைத்தவள், தன் முகத்தை மட்டும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு தடவை கொடுத்தாய். இரண்டாவது போர்வைக்கு முன்னால். ஒவ்வொரு போர்வைக்கும் நூலின் இழுப்பு சரியா என்று ஒரு துண்டில் தைத்துப் பார்க்க வேண்டும். அச்சிட்ட துணி விறைப்பாக இருக்கும், சும்மாத் துணியில் பார்த்தால் கணக்கு வராது. அதற்காக வாடிக்கையாளர் படத்தில் ஒன்றைக் கூடுதலாக அச்சடித்து வாங்கலாம் என்றேன் நான். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "ஊரான் மூஞ்சியில ஊசிய எறக்கப்படாது. ஷீட்டு மூலையில என் மூஞ்சிய அடிச்சுத் தரச் சொல்லு. குத்தத்தானே போறோம், யாரு பாக்கப் போறா?" என்றாய். நமக்குத் துணியில் படம் அச்சடித்துத் தரும் ஸ்டூடியோ அண்ணாச்சி கேமராவோடு கடைக்கே வந்தார். யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் வாயைப் பொத்தாமல், ஏறி நிற்கிற பல்லும் ஈறும் தெரிய, கண் இடுங்கிப் போகும்படி நீ சிரித்தாய். அப்படி நீ சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தப் படத்தில் நாம் தைத்துப் பார்த்தோம், ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு துண்டு. மேலே பச்சை நூல், அடியில் பாபினில் சிவப்பு நூல். முதல் துண்டில், நூல் இழுப்புத் திருகை ஐந்தில் வைத்து நெற்றியில் ஓட்டினேன், சிவப்பு மேலே வந்தது. மூக்கின்மேல் நாலரை, அப்போதும் வந்தது. வலது கன்னத்தில் மூன்றரை வைத்ததும் இரண்டு பக்கமும் சுத்தமாக விழுந்தது. எந்த வரிசை எந்த எண் என்று மறந்துவிடாமல் இருக்கப் பேனாவால் பக்கத்திலேயே எழுத வேண்டும். உன் முகத்தில் எழுதக் கை கூசியது எனக்கு. "எழுதுளா, என் தலையெழுத்த நீயாவது நல்லா எழுது" என்றாய். தைத்துப் பார்த்த துண்டுகளில் மெஷின் எண்ணெயைத் துடைத்துத் துடைத்து நீயே குப்பையில் போட்டாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கத் தோன்றவில்லை.

பிறகு அந்தப் பெருமழை. உன் வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். ஆல்பத்தையெல்லாம் வெயிலில் காயவைத்தோம், உன் கல்யாணப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் வெறும் நீலமும் மஞ்சளுமாகக் கிடந்தன. ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரே முங்கி, அதிலிருந்த உன் படமும் போயிற்று. நம் கடையில் மூன்றாவது படியோடு தண்ணீர் நின்றுவிட்டது என்று மாதாவுக்கு நீயும் பிள்ளையாருக்கு நானும் நன்றி சொன்னோம். அடுத்த வருஷம் உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மூன்று மாதம். அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை, நீயும் அங்கேயே இருந்தாய்தானே.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குக் கிடைத்தது உன் ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான். அதைத் தட்டி அளவுக்குப் பெரிதாக்கித் தெருமுனையில் கட்டியிருந்தார்கள். போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தாய். அழுதுகொண்டிருந்த எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். அதே படம்தான் இன்று உன் வீட்டுக் கூடத்தில் மாலையோடு இருக்கிறது.

மாதா கோயிலில் ஜெனியின் கல்யாணத்தை அறிவிக்கிற மூன்று ஓலையில் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கடைக்கு வந்தாள். உன் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, உன்னைப் போலவே சக்கரத்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு ஒரு போட்டோ போர்வை வேணும் அத்தே. நடுக் கட்டத்துல அம்மா இருக்கணும். செவுத்துல மாட்டிருக்காங்களே, அந்தப் பொம்பள வேண்டாம். எங்கம்மா வேணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்? இன்னும் இரண்டு ஓலை, அதற்குள் முடிக்க வேண்டும். உன் சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் போட்டேன். வந்து சேர்ந்த படங்களில் ஜெனிக்குக் குறைவில்லை. சின்னதில் கோயிலில் புதுநன்மை எடுத்த அன்று கிரீடத்தோடு, பள்ளிக்கூட மேடையில், தோணியின்மேல் அப்பா தோளில். உன் அப்பா சங்கு குளிக்கப் போனபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்கூடக் கிடைத்தது. உன்னைத்தான் காணோம். ஒரு படத்தில் நீ ஒரு முழங்கை. இன்னொன்றில் கொண்டையும் பாதிக் காதும். உன் நாத்தனார் மகள் கல்யாணத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு உள்ளங்கை தெரிகிறது, வளையலை வைத்து நீதான் என்று கண்டுபிடித்தேன். கோபம் வந்தது எனக்கு. இப்படியா ஒருத்தி ஒளிவாள் என்று உன் மெஷினைப் பார்த்துத் திட்டினேன். மருந்துக்கடைக்காரர் மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

இரண்டாவது ஓலைக்கு முந்தின நாள் மற்ற கட்டங்களை எல்லாம் இணைத்துவிட்டேன். நடுவில் மட்டும் ஜன்னல் மாதிரி ஒரு சதுரம் வெறுமையாக நின்றது. அவ்வளவு பெரிய துணியை விரித்துத் தைக்க இடம் போதாமல் என் மெஷினைச் சுவரோரம் நகர்த்தினேன். நகர்த்தியதும் அது ஆட ஆரம்பித்தது. அந்த மெஷினுக்கு ஒரு கால் குட்டை, நீ ஏதோ மடித்து முட்டுக் கொடுத்திருந்தாய், ஏழெட்டு வருஷமாக நான் அதைக் குனிந்துகூடப் பார்த்ததில்லை. பழைய இடத்தில் தரையோடு ஒட்டிக் கிடந்தது ஒரு பால் கவர். உள்ளே நான்காக மடித்த ஒரு துண்டு. பிரித்தேன். நெற்றியில் ஐந்து, மூக்கில் நாலரை, கன்னத்தில் மூன்றரை. பல்லைக் காட்டிக்கொண்டு நீ.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமும் உன் தலைமேல் ஏறி நின்றா தைத்துக்கொண்டிருந்தேன்? சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று நினைவில்லை. தையல் முழுவதும் பச்சையும் சிவப்புமாக உன் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. மடித்த தடம் சிலுவை மாதிரி நடுவில். ஆனால் நீ. போஸ்டரில் இருந்தவள் இல்லை, நீ.

ஆனால் இந்த முகத்தை ஒரு கல்யாணப் பெண்ணிடம் எப்படிக் கொடுப்பது? அம்மா முகத்தில் இத்தனை ஊசிக் குத்து. முகத்தில் ஊசி படக் கூடாது என்று சட்டம் போட்டவளின் முகம். முதலில் பிரிக்கப் பார்த்தேன். நெற்றியில் மூன்று தையலை வெட்டி எடுத்ததும் வெள்ளைப் புள்ளிகள் அம்மை வடு போலத் தெரிந்தன, விட்டுவிட்டேன். அப்புறம் ஸ்டூடியோ அண்ணாச்சியிடம் ஓடினேன். இதைப் படமெடுத்து, கோடுகளை மட்டும் கம்ப்யூட்டரில் அழித்து, புதுத்துணியில் அடித்துத் தாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மறுநாள் கொடுத்தார். கோடு இல்லை, எண் இல்லை, மடிப்பு இல்லை. உன்னை இரண்டு படி சிவப்பாகவும் ஆக்கியிருந்தார். "நீ சொல்லாமலே பல்லையும் நேராக்கிட்டேன் தங்கச்சி" என்றார் பெருமையாக.

பாவம், நல்ல மனுஷன். கல்யாணப் பெண்ணுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துச் செய்திருக்கிறார், இங்கே எல்லா ஸ்டூடியோவிலும் அதுதானே வழக்கம். அவரை நான் திட்டின திட்டு உன் காதில் விழுந்திருக்கும். அந்தத் துணியில் இருந்தவள் அழகாக இருந்தாள், யார் வீட்டுப் பெண்ணோ. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். ஊசிக் குத்துப் பட்டது என்பதற்காக அது பழுது ஆகிவிடுமா? குத்தத்தானே என்று நினைத்ததால்தான் நீ அப்படிச் சிரித்தாய். தையலை எடுத்தால் அந்தச் சிரிப்புக்குக் காரணமே போய்விடும். மறுநாள் கடை திறந்ததும் அந்தத் துண்டையே நடுச் சதுரத்தில் வைத்து, உன் பழைய நீலச் சேலையில் பட்டி கொடுத்து இணைத்துவிட்டேன். அன்றைக்கு மெஷின் பல்லை இறக்கிவிட்டு, உன்னைச் சுற்றி வளைகோடு ஓட்டியது நான்தான். கோணலாகத்தான் வந்திருக்கிறது. கடல் என்று வைத்துக்கொள்.

மூன்றாவது ஓலை வாசித்த அன்று ஜெனி பார்க்க வந்தாள். மேசையில் விரித்து வைத்துவிட்டு நான் பேச ஆரம்பித்தேன். படம் கிடைக்கவில்லை, வெள்ளம், முட்டுக் கொடுத்தது, வேண்டாம் என்றால் வேறு வைக்கலாம், அண்ணாச்சியிடம் சிவப்பாக ஒன்று இருக்கிறது என்று என்னென்னவோ சொன்னேன். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். தப்புச் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்புறம் ஒரு விரலை உன் நெற்றியில் வைத்து, தையல்மேலேயே நகர்த்தி, மூக்கு வழியாகக் கன்னத்துக்குக் கொண்டுவந்தாள்.

"இது என்ன அத்தே, மார்க்கா?"

நூல் இழுப்பு பார்த்த கதையைச் சொன்னேன். அப்படியானால் அம்மா கன்னத்தில்தான் சரியாக வந்ததா என்று கேட்டாள். ஆமாம், அதிலிருந்து அந்தத் திருகை நான் மாற்றவே இல்லை, அவள் கல்யாணப் போர்வையும் மூன்றரையில்தான் தைத்தது என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் இடுங்கிற்று. கை வாய்க்குப் போயிற்று, உன் கை. அவளுக்கும் அதே பல்தானே. போன கை அங்கேயே நின்றது. துணியில் நீ வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

"அம்மாவே மூடல" என்று சொல்லிக் கையைக் கீழே போட்டாள்.

கல்யாண ஆல்பத்தைப் போன வாரம் கொண்டுவந்து காட்டினாள். ஒரு படத்தில்கூட அவள் வாயைப் பொத்தவில்லை. மண்டபத்தில் மணமக்கள் நாற்காலிக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் சாப்பிடக்கூடப் போகாமல் அதன் பக்கத்திலேயே நின்று, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் ஐந்து, நாலரை, மூன்றரை என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நீ இருந்திருந்தால் ஓடி ஒளிந்திருப்பாய். ஒளிய முடியாமல் அத்தனை பேருக்கு நடுவில் உன்னை நிறுத்திவிட்டேன் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

இப்போது கிரேன்காரர் போர்வைக்கு வருகிறேன். தைத்துப் பார்க்கத் துண்டு வேண்டுமே. ஊரான் முகத்தில் ஊசியை இறக்கக் கூடாது என்கிற சட்டம் இந்தக் கடையில் இன்னும் அமலில் இருக்கிறது. ஸ்டூடியோ அண்ணாச்சியிடம் போய், ஷீட் மூலையில் என் முகத்தை அடித்துத் தாருங்கள் என்றேன். சிவப்பாக்கவா என்று அவர் கேட்கவில்லை, பட்ட அடி அப்படி. எனக்குத்தான் கேமரா முன்னால் நின்றால் முகம் வரப்பு மாதிரி இறுகிவிடுமே. குத்தத்தானே போகிறோம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

காபி ஆறிவிட்டது. இதோ, பச்சை நூலும் சிவப்பு நூலும் கோத்து என் கன்னத்தில் ஓட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சுத்தமாக விழுகிறது. பக்கத்தில் மூன்றரை என்று எழுதினேன். உன் துண்டை எடுத்ததிலிருந்து மெஷின் ஆடிக்கொண்டே இருந்தது, அதனால் என் துண்டை நான்காக மடித்துப் பால் கவரில் போட்டு, அந்தக் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது ஆடவில்லை.

உன்
செண்பகம்